லேமினேஷன் போடாத கடை

ராமநாதபுரம் அரண்மனைப் பக்கத்துச் சந்து ஒன்றில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை இருக்கிறது. சாமி படம், கல்யாண போட்டோ, காலமானவர் படம், உடைந்த கண்ணாடி மாற்றுவது, இவைதான் அங்கே அன்றாட வேலை. போர்டில் பெயர் வெயிலில் வெளுத்துப் போய் வாசிக்க முடியாது. 'பிரேம் போடுற பாய்' என்று கேட்டால் ஆட்டோக்காரர்கள் கை காட்டிவிடுவார்கள். போன ஆனி மாதத்திலிருந்து நான்கு தடவை போய்விட்டேன். பாம்பனிலிருந்து 45 கிலோமீட்டர். ராமேஸ்வரத்தில் கடை இல்லாமல் இல்லை. அப்புறம் ஏன் அவ்வளவு தூரம் என்று வீட்டில் கேட்டார்கள், கம்பெனியில் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதுகிறேன்.

நான் பாம்பனில் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். இரண்டு வயதில் போலியோ வந்து இரண்டு காலும் சூம்பிவிட்டன. மாற்றுத்திறனாளிகள் போட்டிகளில் குண்டு எறிகிறேன். எங்கள் பிரிவுக்கு எஃப் 57 என்று பெயர். உட்கார்ந்தபடி எறிகிற பிரிவுகளில் ஒன்று. தரையில் இழுத்துக் கட்டிய இரும்பு ஸ்டூலில் பெல்ட் போட்டு உட்கார்ந்து எறிவோம். ஸ்டூல், மெத்தையோடு சேர்த்து 75 சென்டிமீட்டர் உயரத்தைத் தாண்டக்கூடாது. அதற்கும் எங்கள் பேச்சில் பிரேம் என்றுதான் பெயர். என்னுடையது தங்கச்சிமடத்தில் படகு வேலை பார்க்கும் வெல்டிங் பட்டறையில் அடித்தது. அதை இழுத்துக் கட்டுவது அப்பாவின் வள்ளத்துப் பழைய நங்கூரக் கயிற்றால். என் சிறந்த தூரம் 9.12 மீட்டர். பாரிஸ் பாராலிம்பிக்கில் 2024-இல் நாகாலாந்தின் ஹொகாடோ சேமா இதே பிரிவில் 14.65 மீட்டர் எறிந்து வெண்கலம் வாங்கினார். அந்த ஐந்தரை மீட்டர் இடைவெளியில்தான் நானும் என்னைப் போன்ற நிறையப் பேரும் இருக்கிறோம். பதக்கம் வாங்கியவர்கள் படம் பேப்பரில் வரும். எங்களுக்கு மிஞ்சுவது சான்றிதழ்த் தாள். அதனால்தான் அந்தத் தாளை எப்படிக் காப்பாற்றுவது என்பதில் எனக்கு இவ்வளவு கவலை.

2015-இல் மாநிலப் போட்டியில் மூன்றாம் இடம் வந்தேன். முதல் மாநிலப் பதக்கம். சான்றிதழோடு வீடு திரும்பிய மறுநாளே அப்பா அதை ஒரு கடைக்குக் கொண்டுபோய் லேமினேஷன் போட்டு வந்துவிட்டார். "உப்புக் காத்துல கெட்டுப்போயிரும்ல" என்றார். அதில் தப்பில்லை. எங்கள் வீட்டிலிருந்து வடகடலும் கூப்பிடு தூரம், தென்கடலும் கூப்பிடு தூரம். இரும்புக் கட்டிலின் கால் மூன்று வருடத்தில் பொடிந்துவிடும். ரேஷன் கார்டு, வீட்டு ரசீது, என் ஞானஸ்நானச் சான்றிதழ், எல்லாமே பிளாஸ்டிக்குக்குள்தான் உயிர் வாழ்கின்றன.

இரண்டு வருடம் கழித்து விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலைக்கு விண்ணப்பித்தேன். கவுண்டரில் இருந்தவர் சான்றிதழை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இது மேல எப்படி சீல் வைக்கிறது? ஒரிஜினலா கலர் ஜெராக்ஸான்னு நான் எப்படிச் சொல்றது?" பக்கத்தில் நின்ற ஒருவர், பிரித்தெடுத்தால் சரியாகிவிடும் என்று யோசனை சொன்னார். நானும் பிளேடால் மூலையைக் கீறி மெல்ல இழுத்தேன். என் பெயரில் பாதியும் 'மூன்றாம்' என்ற சொல்லும் பிளாஸ்டிக்கோடு வந்துவிட்டன. தாளில் 'இடம்' மட்டும் மிச்சம். டூப்ளிகேட் வாங்க எட்டு மாதம் ஆனது; விண்ணப்பத்தின் கடைசித் தேதி அதற்கு வெகு முன்பே போய்விட்டது. இன்றைக்கும் அந்தப் பேச்சை எடுத்தால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். நான் எடுப்பதில்லை.

சரி, கடைக்கு வருகிறேன்.

வாசலில் மூன்று படி. சாய்தளமும் இல்லை, பிடித்து ஏறக் கம்பியும் இல்லை. முதல் தடவை பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரிலேயே உட்கார்ந்து ஹாரன் அடித்தேன். கடைப் பையன் வந்தான், பின்னாலேயே பாயும் இறங்கி வந்தார். எழுபதை ஒட்டிய வயது. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு பையை வாங்கினார். உள்ளே பதினோரு சான்றிதழ், ஆறு மெடல். ஸ்கூட்டரின் முன்பெட்டிமேல் படத்தைச் சுற்றி வைக்கிற மவுண்ட் போர்டு அட்டைத் துண்டு ஒன்றைப் போட்டு, அதன்மேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"எஃப் 57-னு போட்டிருக்கு. 57 சதவீதமா தம்பி?"

சிரித்துவிட்டேன். ஆனால் அவர்மேல் குற்றம் இல்லை. படித்த அதிகாரிகளே இப்படிக் கேட்டிருக்கிறார்கள். ஊனம் எத்தனை சதவீதம் என்பது டாக்டர் கொடுக்கும் கணக்கு. 40 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் சலுகைக்கெல்லாம் கணக்கில் வரும். விளையாட்டுப் பிரிவு வேறு கணக்கு: தசை எவ்வளவு இழுக்கிறது, எந்த மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று தனியாகச் சோதித்துப் பார்த்து வைப்பார்கள். எஃப் என்றால் எறிகிறவர்கள், டி என்றால் ஓடுகிறவர்களும் தாண்டுகிறவர்களும். பார்வை இல்லாதவர்களுக்கு 11 முதல் 13 வரை, என்னைப் போல் உட்கார்ந்து போட்டியிடுபவர்களுக்கு ஐம்பதுகளில். பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அப்ப இந்த நம்பர் இல்லாம வெறும் குண்டு எறிதல்னு போட்ட தாளுக்கு என்ன மதிப்பு?" என்றார். என்னிடம் அப்படி இரண்டு தாள் இருந்தன. யாரோடு போட்டி போட்டேன் என்றே அதில் இருக்காது. கம்ப்யூட்டரில் அடித்தவர் அந்தக் கட்டத்தை விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

அடுத்து அவர் கேட்ட கேள்விக்காகத்தான் நான் 45 கிலோமீட்டர் போகிறேன்.

"இதுல எது எது ஆபீசுக்குப் போற தாளு, எது எது சுவத்துக்குப் போற தாளு?"

இத்தனை வருடத்தில் எந்தக் கடையிலும் யாரும் இதைக் கேட்டதில்லை. தேக்கா பைபரா, தங்கக் கலர் பார்டரா கறுப்பா என்றுதான் கேட்பார்கள். ஆபீசுக்குப் போகிற தாளுக்கு லேமினேஷனும் போடமாட்டேன், பசையும் தடவமாட்டேன் என்று பாய் முதலிலேயே சொல்லிவிட்டார். எத்தனையோ டிகிரி சர்டிபிகேட் பாழாவதைப் பார்த்துவிட்டாராம். லேமினேஷன் மெஷின் கடையில் இருக்கிறது, அதன்மேல் பழைய பேப்பர் அடுக்கி வைத்திருக்கிறார். தன் வாயாலேயே வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டு, "ஆபீஸ் தாளை பைல்ல வைங்க. கலர் ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க, அதுக்குச் சட்டம் போட்டுத் தர்றேன். பாக்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது" என்றார்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. மாநில அளவில் இரண்டாம் இடம் வந்த 2019 சான்றிதழின் ஒரிஜினல்தான் சுவரில் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். ஏன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. பாய் கொஞ்ச நேரம் யோசித்து, திறக்கிற மாதிரி ஒன்று செய்து தருவதாகச் சொன்னார்.

அந்தப் பிரேமைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். வழக்கமான சட்டத்தில் பின்பலகையைச் சுற்றிலும் சின்ன ஆணி அடித்து, மேலே பிரவுன் டேப் ஒட்டி மூடிவிடுவார்கள். இதில் ஆணி இல்லை. நான்கு பக்கமும் திருப்பினால் விலகுகிற பித்தளைக் கொண்டிகள். பித்தளை ஏன் என்று நான் கேட்கவில்லை, "எந்த ஊரு?" என்று கேட்டுவிட்டு அவராகவே அதை எடுத்தார். உள்ளே சான்றிதழின் நான்கு மூலையும் நான்கு காகித முக்கோணத்தில் செருகி நிற்கின்றன, பழைய போட்டோ ஆல்பத்தில் இருக்குமே அந்த மாதிரி. பசை ஒரு சொட்டு இல்லை. தாள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் மவுண்ட் போர்டு. கடைசியாக, புதுச் செருப்பு டப்பாவில் வருமே, ஈரம் உறிஞ்சுகிற அந்தச் சின்னப் பொட்டலம் ஒன்று பலகைக்குப் பின்னால். மழைக்காலம் முடிந்ததும் அதை மாற்றச் சொன்னார். வீட்டில் செய்து பார்த்தேன்: சுவரிலிருந்து இறக்கி, கொண்டி திருப்பி, தாளை வெளியே எடுத்து, மறுபடி வைத்து மாட்ட இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நாளைக்கே யாராவது ஒரிஜினல் கேட்டாலும் கொடுக்கலாம்.

2006-இல் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மாவட்ட விளையாட்டு விழாவில் வாங்கிய சான்றிதழும் அந்தக் கட்டுக்குள் இருந்தது. கலைஞர் 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லைக் கொண்டுவருவதற்கு முந்தைய தாள். தலைப்பில் கொட்டை எழுத்தில் 'உடல் ஊனமுற்றோர்' என்று இருக்கிறது. பாய் மவுண்ட் போர்டை அதன்மேல் வைத்து, ஒரு விரல் அளவு கீழே இறக்கிக் காட்டினார். அந்த வரி மறைந்துவிட்டது. பிறகு மேலே ஏற்றினார். வரி தெரிந்தது. "எப்படி வெட்டட்டும்?" அவ்வளவுதான் கேட்டார், பரிதாபமாகப் பார்க்கவுமில்லை, புத்தி சொல்லவுமில்லை. தெரியட்டும் என்றேன். அன்றைக்கு அந்தப் பெயரில்தானே என்னைக் கூப்பிட்டார்கள். பரிசும் அந்தப் பெயருக்குத்தான் வந்தது.

மெடல்கள் விஷயத்தில் கடைக்கு முழு மதிப்பெண் தரமுடியாது. பாம்பன் காற்றுக்கு மெடல் ஆறு மாதத்தில் பச்சை பூத்துவிடும். (வீட்டுக்காரியின் கலர் இல்லாத நகப்பூச்சை ஒரு மெடலில் தடவிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பாட்டில் தீர்ந்ததும் வீட்டில் சண்டை.) பாய் ஆழமான பெட்டி மாதிரிப் பிரேம் செய்து, வெல்வெட் துணியில் ஆறையும் வரிசையாகத் தொங்கவிட்டார். பார்க்க நகைக்கடை மாதிரி இருக்கிறது. ஆனால் ரிப்பனை மடித்துப் பின் குத்தியதில் இரண்டு மெடலின் ஆண்டு மறைந்துபோனது. கீழே ஒட்டும் பித்தளைத் தகட்டில் எஃப் 75 என்று பொறித்துவிட்டார்கள். அப்படி ஒரு பிரிவே உலகத்தில் கிடையாது. தகட்டை மறுபடி செய்து கொடுத்தார், காசு வாங்கவில்லை, ஆனால் அதற்கு ஒரு தடவை பெட்ரோல் செலவு என்னுடையது. சொன்ன நாளிலும் தருவதில்லை. வியாழன் என்றால் திங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்குள் மாதிரிக்கு மாட்டியிருக்கும் சட்டங்களில் ஒன்றில் ஒரு பேப்பர் படம்: ரியோவில் மாரியப்பன் தங்கவேலு குறுக்குக் கம்பியைத் தாண்டுகிறார். 2016, 1.89 மீட்டர், தங்கம். பேப்பர் பழுத்துவிட்டது. பாய் அவரை எங்கோ பக்கத்து ஊர்ப் பையன் என்றே நினைத்திருந்தார். சேலம் மாவட்டம் என்று நான்தான் சொன்னேன். அடுத்து டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம், பத்மஸ்ரீ, அர்ஜுனா, கேல் ரத்னா, 2021-இல் தமிழ்நாடு காகித ஆலையில் வேலை என்று சொல்லிக்கொண்டே போனேன். "காகித ஆலையிலயா!" என்று பாய் ரசித்துச் சிரித்தார். தாளோடு கிடக்கிறவருக்கு அதில் ஒரு சந்தோஷம்.

பாரிஸில் பதக்கம் வாங்கிய தமிழ்நாட்டுக்காரர்கள் நான்கு பேர். துளசிமதி முருகேசனுக்கு 2 கோடி, மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன், மாரியப்பன் ஆகியோருக்குத் தலா 1 கோடி என மாநில அரசு கொடுத்தது. ஒன்றிய அரசின் பரிசும் ஒலிம்பிக்குக்குக் கொடுப்பது போலவே தங்கத்துக்கு 75 லட்சம், வெள்ளிக்கு 50, வெண்கலத்துக்கு 30. மேல்மட்டத்தில் இப்போது குறை சொல்ல முடியாது. மதுரைப் பெண் ஜெர்லின் அனிகா, காது கேளாதோருக்கான ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வாங்கிய 2022-ஆம் வருடமே அர்ஜுனா பட்டியலிலும் வந்துவிட்டார். முன்பெல்லாம் இந்த வேகம் கிடையாது. 1965 போரில் குண்டடிபட்ட முரளிகாந்த் பெட்கர் 1972-இல் ஹைடல்பெர்க் பாராலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வாங்கினார். பத்மஸ்ரீ வந்தது 2018-இல். வாழ்நாள் சாதனைக்கான அர்ஜுனா விருதைக் குடியரசுத் தலைவர் கையால் வாங்கியது 2025 ஜனவரியில், அதே மேடையில் எங்கள் பிரிவு ஹொகாடோ சேமாவும் அந்த வருட அர்ஜுனா வாங்கினார். பாய் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "ஐம்பத்திரண்டு வருசமா? நான் சொன்ன தேதிக்கு நாலு நாள் தாமதிச்சா நீ போன் போட்டுத் திட்டுற!" இதற்கு என்னிடம் பதில் இல்லை.

தனுஷ்கோடி கதையையும் அவருக்குச் சொன்னேன். 2022 மார்ச்சில் மும்பைச் சிறுமி ஜியா ராய் இலங்கையின் தலைமன்னாரிலிருந்து அரிச்சல்முனைக்கு நீந்தி வந்தாள். ஆட்டிசம் உள்ள 13 வயதுப் பெண், 29 கிலோமீட்டர், 13 மணி 10 நிமிடம். அந்த நீரோட்டம் எப்படி என்று எங்கள் ஆட்களைக் கேளுங்கள். என்ஜின் வைத்த வள்ளமே சில நாள் திணறும். அந்த வருட ஜனவரியில் அவளுக்குப் பிரதமரின் தேசிய பால புரஸ்கார் விருது கிடைத்திருந்தது. அந்தத் தடவை விருதுச் சான்றிதழை பிளாக்செயின் முறையில் டிஜிட்டலாகவே கொடுத்தார்கள். யாரும் திருத்த முடியாது, உப்பும் அரிக்காது. பாய் இதைக் கேட்டுவிட்டு, "அதுக்கு எப்படிச் சட்டம் போடுறது?" என்றார். பிரிண்ட் எடுத்துப் போடலாம் என்றேன். "அப்ப பரவாயில்லை" என்று கண்ணாடி வெட்டப் போய்விட்டார்.

விலையைச் சொல்லிவிடுகிறேன். சான்றிதழ் அளவு பைபர் பிரேம் 350 ரூபாய். கொண்டி வைத்துத் திறக்கிற மாதிரி என்றால் 600. தேக்கு கேட்டால் 950, ஆனால் கடலோர வீட்டுக்கு அவரே தேக்கைச் சிபாரிசு செய்வதில்லை. மெடல் பெட்டிக்கு 1,400 வாங்கினார், கொஞ்சம் அதிகம்தான். பேரம் பேசினால் ஐம்பது குறைப்பார், அதற்குமேல் காது கேட்காது. மொத்தம் ஐந்து சட்டமும் ஒரு பெட்டியும் போட்டேன்.

கட்டித்தரும் விதம் சுமார். பழைய பேப்பர், சணல், அவ்வளவுதான். இதனால் எனக்கு ஒரு நஷ்டம். கச்சான் காற்று அடிக்கிற மாதத்தில் பெரிய பிரேமை ஸ்கூட்டரின் பின்னால் நிறுத்திக் கட்டிக்கொண்டு பாம்பன் பாலத்தில் ஏறினேன். பாதிப் பாலத்தில் தென்கடல் காற்று பக்கவாட்டில் பிடித்தது. பாய் போட்டுக்கொடுத்த சட்டம் நிஜமாகவே பாய்மரத்துப் பாய் மாதிரி விரிந்து வண்டியை ஓரத்துக்குத் தள்ளியது. ரயில் பாலத்தைப் பார்க்க நின்ற சுற்றுலாக்காரர்கள் இரண்டு பேர் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்கள். கண்ணாடி மூலையில் விரிசல். தாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது 2025 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தேசியப் போட்டியின் சான்றிதழ். ஏழாம் இடம், பங்கேற்புச் சான்றிதழ்தான், இருந்தாலும் தேசியம். கண்ணாடியை மாற்ற 80 ரூபாய் வாங்கினார். படுக்கவைத்துக் கட்டாமல் நிறுத்திக் கட்டியது என் தப்பு என்றார். பாம்பன்காரனுக்கு ராமநாதபுரத்துக்காரர் காற்றைப் பற்றிச் சொல்லித்தருகிறார்!

வீட்டில் அம்மா வேளாங்கண்ணி மாதா படத்துக்குப் பக்கத்தில் இருந்த கம்பெனி காலண்டரை எடுத்துவிட்டு அங்கே 2019-ஐ மாட்டியிருக்கிறார். அப்பா ஒரு நாள் யாரும் இல்லாத நேரத்தில் அதை இறக்கி, பின்னால் கொண்டியைத் திருப்பித் திறந்து பார்த்திருக்கிறார். மறுபடி மாட்டும்போது கோணலாகிவிட்டது. அதை வைத்துத்தான் கண்டுபிடித்தோம்.

போகிறவர்களுக்கு: கடை ஞாயிறும் திறந்திருக்கும். சீதக்காதி சேதுபதி விளையாட்டு அரங்கத்துக்குப் பயிற்சிக்கு வருகிறவர்கள் அப்படியே போய்விட்டு வரலாம். வெள்ளிக்கிழமை மதியம் பூட்டு. சான்றிதழைச் சுருட்டிக் கொண்டுபோகாதீர்கள், திட்டுவார். பின்பக்கமும் சேர்த்து முன்கூட்டியே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். படி ஏற முடியாவிட்டால் இரண்டு தடவை ஹாரன் அடியுங்கள், பையன் வருவான். சாய்தளம் போடச் சொல்லி நான்கு தடவையும் சொல்லிவிட்டேன். கடைசியாகப் போனபோது வாசலில் செங்கல் இறங்கியிருந்தது. எனக்காகவா என்று கேட்டேன், பக்கத்து வீட்டுச் செப்டிக் டேங்குக்காம்.